ஒரு மணி நேரம் பின்னால்

ரமலானுக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு எப்போதும் பிடித்த நாள். ரமலான் நெருங்கிவிட்டது, ஆனாலும் இன்னும் ஒரு மணி நேரம் போர்வைக்குள் கிடக்கலாம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஐயா. சும்மா கிடைக்கிற நேரத்தை வேண்டாம் என்று சொன்ன ஆளை இந்தக் காஸாபிளாங்காவில் நான் பார்த்ததில்லை.

எங்கள் குழுவில் புரோகிராம் எழுதும் வியாமைப் பற்றி விசாரிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நோயாளிகளின் ஃபோன் நம்பர்களை எடுத்து அவள் தவறாகப் பயன்படுத்தினாளா, அவள் செய்யவேண்டிய திருத்தம் ஏன் தாமதமாயிற்று என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

நுரையீரல் கெட்டவர்களும் தசை பலவீனமானவர்களும் வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சு மெஷின்களைக் கண்காணிப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் எங்கள் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். மெஷின் ஓடுகிறது என்று அது நிமிஷத்துக்கு ஒரு தடவை எங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும். ஐந்து நிமிஷம் செய்தி வராவிட்டால் கீழ்த்தளத்தில் நர்ஸ்கள் இருக்கும் அறையில் மணி அடிக்கும். அவர்கள் அந்த வீட்டுக்கு ஃபோன் செய்வார்கள். யாரும் எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸ் போகும். மணி அடிக்கிற அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது மேல்தளத்தில் இருக்கும் எங்கள் வேலை.

என் வேலை எழுதுவது அல்ல, படிப்பது. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமை நான் வரிவரியாகப் படித்துப் பார்ப்பேன். ஒப்புதல் என்ற பொத்தானை நான் அழுத்தினால்தான் அது சர்வருக்குப் போகும். அழுத்தாவிட்டால் போகாது. வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. அதை நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போனதில்லை என்பதால் ஆபீஸில் எனக்குச் சல்லடை என்று பெயர். வியாம் மரியாதையாக லல்லா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், ஆனால் வேறு மாதிரி சொல்வாள். "லல்லா நுஸ்ஹாவுக்கு ஏன் கல்யாணம் ஆகல தெரியுமா? வந்த மாப்பிள்ளைங்க எல்லாருக்கும் ரெண்டாவது வரியில கமா தப்புன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க." நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வாள். சத்தமாகச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வந்ததில்லை. குரிப்காவிலிருந்து வந்த பெண், அங்கே எல்லோரும் வாய் திறந்துதான் சிரிப்பார்கள்.

நல்ல வேலைக்காரி. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அநேகமாக எழுதுவதில்லை என்றேன். ஒரே ஒரு பகுதி நான் எழுதியது. செய்தி வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்குப் பார்க்கிற பகுதி. முக்கியமான இடம் என்பதால் ஜவாத் என்னிடம் கொடுத்தார். அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். போன இலையுதிர் காலத்தில் அதை எழுதி முடித்தேன். நேரக் கணக்கில் எல்லோரும் சறுக்குவார்கள், நாம் சறுக்கக் கூடாது என்று எல்லோரையும் உட்காரவைத்து அதைப் படமாக வரைந்து விளக்கினேன். கைதட்டினார்கள். ஜவாத் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவைத்தார்.

ரமலானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வியாம் தன் மேஜையில் ஒரு பெட்டியை வைத்து ஏதோ சோதித்துக்கொண்டிருந்தாள். சர்வரின் கடிகாரத்தை ரமலான் நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். மணி அடிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தாள், அப்போதும் இல்லை. பெட்டிகளுக்கு நம் நாட்டு ரமலான் நேரம் தெரியாது, ஐயா. அவை பழைய நேரத்தையே போட்டுச் செய்தி அனுப்பும். அதனால் சர்வருக்கு அந்தச் செய்தி ஒரு மணி நேரம் கழித்து வரவேண்டியது இப்போதே வந்துவிட்டதாகத் தெரியும். மெஷின் நின்றுபோனாலும் அந்த ஒரு மணி நேரம் தீருகிறவரை சர்வர் நிம்மதியாக இருக்கும். ஐந்து நிமிஷத்தில் அடிக்க வேண்டிய மணி அறுபத்தைந்து நிமிஷம் கழித்து அடிக்கும்.

அது நான் எழுதிய பகுதி. சுவரில் மாட்டியிருந்த படம்.

வியாம் அன்றைக்கே திருத்தத்தை எழுதி எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி. "லல்லா, உங்க இடத்துல ஒரு சின்ன விஷயம். நான் யார்கிட்டயும் சொல்லல, நீங்களே ஜவாத்கிட்ட சொல்லிக்குங்க." நல்ல மனசோடுதான் எழுதினாள். அந்த வரியைப் படித்தபோது என் காது மடல் சூடானது. திருத்தத்தைப் படித்தேன். சின்னது, சுத்தமானது, சரியானது. ஒரு டீ ஆறுவதற்குள் அது சரியென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஒப்புதல் கொடுக்கவில்லை. ஒரு வேரியபிளின் பெயர் தெளிவாக இல்லை, மாற்றவும், நன்றி என்று எழுதினேன்.

மாற்றி அனுப்பினாள். சோதனைகள் போதாது, இன்னும் சேர்க்கவும், நன்றி என்று எழுதினேன். சேர்த்தாள். இது இரண்டு வேலையாக இருக்கிறது, தனித்தனியாகப் பிரித்து அனுப்பவும் என்றேன். பிரித்தாள். முதல் பகுதியின் குறிப்புரையில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதையும் சொன்னேன். நான் எழுதிய ஒவ்வொன்றும் நியாயமானது. இந்தத் தொழில் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், ஒரு வார்த்தையைக்கூடத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். நீங்களே அவற்றைப் படித்துவிட்டுத்தானே வியாம் மெத்தனமாக இருந்தாள் என்று முடிவுக்கு வந்தீர்கள்.

என் எண்ணம் எளிமையானது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் கடிகாரம் மறுபடி முன்னுக்கு வரும். வந்ததும் பிழை தானாக மறைந்துவிடும். அதற்குப் பிறகு நானே அந்த இடத்தை நிதானமாக, இன்னும் அழகாக, திருத்தம் என்று தெரியாதபடி வேறொரு வேலையின் பெயரில் எழுதிக்கொள்ளலாம். ஒரு மாதம்தான். யார் வீட்டிலும் ஆட்கள் இல்லாமலா இருப்பார்கள், நோன்பு மாதத்தில்?

கடிகாரம் மாறிய மறுநாள் வியாம் என் மேஜைக்கு வந்தாள். சிரிக்கவில்லை. "லல்லா, பேரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். இப்ப விட்டுடுங்க. நேத்துலேர்ந்து மணி லேட்டா அடிக்குது."

"அவசரத்துல எழுதற புரோகிராம்தான் ஆளைக் கொல்லும், வியாம்," என்றேன். தாழ்ந்த குரலில், அன்பாகத்தான் சொன்னேன்.

அவள் ஜவாத்திடம் போனாள். ஜவாத் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் சோதித்த பெட்டி பழையது, அதன் கடிகாரமே கோளாறு என்று சொன்னேன். "கெட்டிக்காரப் பொண்ணு. கொஞ்சம் பதட்டக்காரி. நோன்பு வேற, காபி இல்லாம தலை சுத்துது போல." ஜவாத் சிரித்தார். நான் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி இருக்காது. என் கண் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் நோயாளிகளில் ஒருவரான ஜிலாலி ஐயா ரமலானின் முதல் வாரத்திலேயே இறந்துபோனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஹை முஹம்மதி பேட்டையில் மகள் வீட்டில் இருந்தார். நோன்பு திறக்கிற நேரம். எல்லோரும் முன்னறையில் ஹரீரா சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் ஓவனையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டதில் பின்னறைக்குக் கரண்ட் போய்விட்டது. மெஷினின் பேட்டரி வயசானது. அது கத்திய சத்தம் டிவி சத்தத்திலும் குழந்தைகள் சத்தத்திலும் கேட்கவில்லை.

எனக்கு இதைச் சொன்னது ஃபத்தீஹா, கீழ்த்தளத்தின் தலைமை நர்ஸ். பருமனான பெண், மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. "மணி அடிச்சுது, லல்லா, நான்தான் ஃபோன் போட்டேன். எடுத்த பொண்ணு பேசல. பின்னாடி அழுகைச் சத்தம். குளிப்பாட்ட ஆள் வந்தாச்சுன்னு யாரோ சொல்றாங்க. நான் கேக்கறேன், செத்துக் குளிப்பாட்டற வரைக்கும் என் மணி என்ன தூங்கிட்டிருந்துச்சா?"

என்ன நடந்தது என்று பார்த்து எழுதித்தரும்படி ஜவாத் என்னைத்தான் கேட்டார். வேறு யாரைக் கேட்பார்? அந்த வட்டாரத்தில் நெட்வொர்க் தாமதம் என்று எழுதிக்கொடுத்தேன். அங்கே நெட்வொர்க் மோசம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

அன்று மாலை வீட்டுக்கு டிராமில் வரும்போது நான் யோசித்துப் பார்த்தேன், ஐயா. நேற்றைக்குள் ஒப்புதல் கொடுத்திருந்தால் ஒரு சின்னப் பிழையைத் திருத்தியதாக இருந்திருக்கும். இன்று கொடுத்தால் ஏன் நேற்றே கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பொத்தான் முன்பு வெறும் பொத்தானாக இருந்தது. இப்போது அதை அழுத்தினால் என் கைரேகை விழும். ஆகவே இனி அதை அழுத்தவே முடியாது. இது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, தொழுதேன்.

மறுநாள் அவளுடைய திருத்தத்தில் புதிதாக ஒரு கேள்வி எழுதினேன். நன்றியும் சொன்னேன்.

வியாம் அதற்குப் பதில் எழுதவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தது. மாடிப்படியின் வளைவில் உட்கார்ந்து, சொந்த ஃபோனில், நோயாளிகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் மேல்படியில் நின்று கேட்டேன். "ஹாஜாம்மா, பயப்படாதீங்க, மெஷின் நல்லாத்தான் இருக்கு. இந்த மாசம் மட்டும் எங்க மணிய நம்பாதீங்க. யாராவது ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்திருங்க. ஆமாம்மா, சாப்பிடறப்பவும். நான் யாரா? நான் உங்க பொண்ணு மாதிரின்னு வெச்சுக்கங்க." இருநூற்றுச் சொச்சம் வீடுகள். ஃபெஸ், மக்னெஸ் ஊர்களை எல்லாம் முடித்துவிட்டிருந்தாள். ஸலே பக்கம் இன்னும் தொடவில்லை.

நோயாளிகளின் விவரங்களை வெளியே பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஜவாத்துக்கு எழுதினேன். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன் என்றும் எழுதினேன், அது பொய்யில்லை. மதியத்துக்குள் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் மேஜைப் பக்கம் நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "லல்லா, ஸலே மிச்சம் இருக்கு. நீங்களாவது பேசிடுங்க. என் மேல கோவத்துல விட்டுடாதீங்க," என்றாள். அப்போதும் அவள் என்னைப் பதட்டப்படுகிற, பிடிவாதம் பிடிக்கிற ஒரு அக்காவாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவளுக்கு என்னைப் பற்றித் தோன்றவில்லை.

நான் பேசவில்லை. அவள் செய்ததைக் குற்றம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதையே நான் எப்படிச் செய்வது?

ஸலேயில் ஒரு சிறுமி. ரிஹாப் என்று பெயர். தசைகள் பலவீனமாகிக்கொண்டே போகிற வியாதி, தூங்கும்போதும் களைத்திருக்கும்போதும் மெஷின் வேண்டும். அப்பா இல்லை. அம்மா மலிக்கா தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். ரமலான் முடிய நான்கைந்து நாள் இருக்கையில் சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. குழந்தை தூங்குகிறது என்று மலிக்கா துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரப் பெண்ணும் அங்கே இருந்தாள். மழை நிற்கிறவரை கொடிக்கு மேலிருந்த தகரத்துக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தை புரண்டதில் பிளக் கழன்றுவிட்டது. பேட்டரி கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை.

துக்கம் கேட்க ஃபத்தீஹாவும் நானும் போனோம். துக்க வீட்டு வழக்கப்படி கம்பெனி சார்பாகச் சர்க்கரைக் கூம்புகள் வாங்கிக்கொண்டு போனோம். சின்ன வீடு, பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மலிக்கா அழவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். "ஃபோன் கையிலதான் இருந்துச்சு. நீங்க வெச்சுப் பாருங்க, இப்படித்தான் வெச்சிருந்தேன். ஒண்ணுன்னா உடனே ஃபோன் வரும்னு சொன்னாங்க. மேல இருக்கறப்ப எத்தனை தடவ அதப் பாத்தேன். வரல. வரலன்னா நல்லா இருக்கான்னு தானே அர்த்தம்?" என் கையைப் பிடித்து விரல்களை மடக்கி, ஃபோனைப் பிடிக்கிற மாதிரி வைத்துக் காட்டினார். என் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். கொடுக்காமல் இருப்பது மரியாதையாக இருக்காது.

பெருநாள் வந்தது. கடிகாரம் முன்னுக்குப் போனது. மணி சரியாக அடிக்க ஆரம்பித்தது. நான் நினைத்தபடியே எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. சோதனைக்கென்று ஒரு பெட்டி என் வீட்டில் உண்டு. சூரியன் சாய்கிற நேரத்தில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். கையில் ஃபோன். ஐந்து நிமிஷத்தில் ஃபத்தீஹா கூப்பிடுவார். "மறுபடியும் நீங்களா, லல்லா? மூச்சு இருக்கா?" இருக்கிறது என்பேன். "பாதாம் பால் குடிச்சுட்டுத் தூங்குங்க," என்று வைத்துவிடுவார். அந்த ஐந்து நிமிஷமும் எனக்கு மூச்சு விடுவது நினைவில் வராது. மணி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மார்பு அடைத்துக்கொள்ளும். ஃபோன் வந்ததும் காற்று உள்ளே வரும். ஒரு நாள் விட்டால்கூட அன்றைக்குத் தூக்கம் இல்லை.

ஒரு சாயங்காலம் நான் பிளக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே ஃபோன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும். மெதுவாக, ஒழுங்காக, மெஷின் விடுகிற மாதிரி. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. நம்பரைப் பார்த்தேன், ஸலேயிலிருந்து. மலிக்கா என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் காதில் வைத்ததும் அது அம்மாவின் மூச்சா மகளின் மூச்சா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் துண்டிக்கவில்லை. அவரும் துண்டிக்கவில்லை. மக்ரிப் என்கிற அந்தித் தொழுகைக்கு அழைக்கிற சத்தம் அந்தப் பக்கம் கேட்கும், கொஞ்சம் பொறுத்து இந்தப் பக்கமும் கேட்கும்.

போன மாதம் ஒரு நாள் அவர் பேசினார். "அந்தப் பொண்ணு வியாம் என் வீட்டுக்கு வந்திருந்தா. காலப் பிடிச்சுக்கிட்டு அழறா, உங்களுக்கு ஃபோன் பண்ணாம போயிட்டேனேன்னு. அவ தப்பு எதுவும் எனக்குத் தெரியல. நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "எனக்குத் தெரியும்."

அவர் கத்தவில்லை. "அப்படியா," என்றார். மழை வரும் போலிருக்கிறது என்று யாரோ சொன்னதற்குச் சொல்கிற மாதிரி. அப்புறம் பழையபடி மூச்சு மட்டும் கேட்டது. அடுத்த நாளிலிருந்து ஃபோன் வரவில்லை. வராததுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் ஆனால் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்குகிறேன், ஃபத்தீஹா கூப்பிடுகிறார், ஆனால் இப்போதெல்லாம் அதற்குப் பிறகும் காற்று உள்ளே வருவதில்லை.

ஆகவே வியாமை விட்டுவிடுங்கள். அவள் திருத்தம் முதல் நாளே சரியாக இருந்தது. நம்பர்களை எடுத்தது அவள்தான், ஆனால் அந்த மாதம் எங்கள் கட்டடத்தில் அந்த மணியின் வேலையைச் செய்தது அவள் ஒருத்திதான். ஜவாத்துக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும். தெரிந்தே நிறுத்திவைத்தேன்.

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்ததைப் படித்துவிட்டேன், ஐயா. என் வார்த்தைகளை மாற்றாமல் போட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. தெரிந்தே தடுத்தேன் என்று இருக்கிறது, சரி. பழியை வியாம் மேல் விழவிட்டேன் என்று இருக்கிறது, அதுவும் சரி. கடைசிப் பத்தியில் மட்டும் இரண்டு பேர் சாவுக்கு நான் காரணம் என்று இருக்கிறது. ஒருவர் என்று வரவேண்டும். அதை மாற்றாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. சிறுமியின் சாவு என்னால்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஜிலாலி ஐயா இறந்த அன்று நான் என் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.